மூன்று நட்சத்திர முகாம்

சீவரத்தினம் அண்ணை காங்கேசன்துறையை விட்டு ஓடி வந்தபோது கக்கத்தில் வைத்திருந்தது ஒரு புத்தகம் மட்டும்தான். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அது. ஷெல் விழத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் வீட்டை விட்டார்கள். மனைவி செல்வநாயகி அக்கா பேத்தியைத் தூக்கினார். மகள் மீனாம்பிகை அரிசியையும் சட்டி பானையையும் தூக்கினாள். காணி உறுதிப் பத்திரங்கள் கிடந்த தகரப்பெட்டி அண்ணையின் பொறுப்பு. அவர் பெட்டியைத் திறந்து மேலே கிடந்த புத்தகத்தை எடுத்தபோது பக்கத்து வளவில் ஒன்று விழுந்தது. பெட்டி திறந்தபடி கட்டிலில் கிடக்க, அவர் புத்தகத்தோடு ஓடி வந்துவிட்டார்.

முகாமில் இந்தக் கதையைச் செல்வநாயகி அக்கா சொல்லாத நாள் இல்லை.

"மற்ற ஆம்பிளையள் உறுதியைக் கொண்டு வந்தவை. எங்கடை ஆள் வெள்ளைக்காரன் குடுத்த நட்சத்திரத்தைக் கொண்டு வந்தவர். சண்டை முடிஞ்சால் அதைக் காட்டித்தான் காணியைக் கேக்கப்போறார்."

"மூண்டு நட்சத்திரம்," என்பார் அண்ணை.

அந்த மூன்று நட்சத்திரங்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அவர் பிறகு செய்தது ஒருவருக்கும் விளங்காது.

எண்பத்து மூன்றுக்கு முந்திய காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களில் சிலர், இராமேசுவரத்தில் வாகனத்தைக் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கி, யாழ்ப்பாணம் வரையும் வருவார்கள். அந்த வாகனத்தை ஊரில் வீட்டு வான் என்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன அலுமாரி எல்லாம் இருக்கும். அவர்களுக்கு விடுதி தேவையில்லை. வானை விடுவதற்கு ஒரு வளவும், தண்ணீரும், கக்கூசும் போதும். காங்கேசன்துறைக்கும் கீரிமலைக்கும் இடையில் கடற்கரையோடு நீக்கிலாப்பிள்ளை என்பவருக்கு ஒரு காணி இருந்தது. அவர் அதை அடைத்து, வீட்டு வான்கள் தங்குவதற்கு விட்டார். அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள்தான் சீவரத்தினம் அண்ணை. காவலும் அவர்தான், கூட்டுவதும் அவர்தான், கேட்டால் மனேச்சரும் அவர்தான். எட்டாம் வகுப்போடு நின்றவர் அந்த வளவில் நின்றே ஆங்கிலம் கதைக்கப் பழகினார்.

ஐரோப்பாவில் வாகனப் பயணிகளுக்கு ஒரு சங்கம் இருந்ததாம். வான் தங்கக்கூடிய இடங்களை நாடு நாடாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புத்தகமாக விடுவார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் வண்டிச் சில்லுப் புதையாத தரையும், குடிக்கக்கூடிய தண்ணீரும், உள்ளுக்குப் பூட்டக்கூடிய கக்கூசும் உண்டு. இரண்டு என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கக்கூசு, நிழல், குளிக்க மறைப்பு. மூன்று கிடைக்கவேண்டுமானால் கழிவுத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது, கக்கூசுக் குழி கிணற்றிலிருந்து நாற்பது காலடிக்கு அப்பால் இருக்கவேண்டும், இரவில் காவல் இருக்கவேண்டும். நான்கும் ஐந்தும் உண்டு. அவை வெந்நீரும் நீச்சல் தடாகமும் உள்ள இடங்களுக்கு. அண்ணை அவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை.

1981இல் செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து வானை விட்டார். இன்னார் என்று சொல்லவில்லை. அண்ணை வாசலில் வளர்த்திருந்த குரோட்டன்களையும் சுண்ணாம்பு பூசிய கற்களையும் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். கக்கூசுக் குழியிலிருந்து கிணறு வரைக்கும் காலடி வைத்து எண்ணினார். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும்போதுதான் தான் அந்தச் சங்கத்தின் ஆள் என்றும், இரண்டு நட்சத்திரம் போடுகிறேன் என்றும் சொன்னார். மூன்றாவது ஏன் இல்லை என்று அண்ணை கேட்டாராம். "பதினெட்டுக் காலடி," என்றாராம் அவர். "நல்ல இடமோ என்று அறிய நான் எந்த நாட்டிலும் முன்பக்கம் பார்ப்பதில்லை. பின்பக்கத்தை மறைக்காத இடத்தை நம்பலாம்."

அந்தப் பக்கத்து நிலம் சுண்ணாம்புக் கல். அண்ணை அலவாங்கு கொண்டு மூன்று மாதம் கொத்தி, நாற்பத்தைந்தாவது காலடியில் புதுக் குழி தோண்டினார். நீக்கிலாப்பிள்ளை, "உனக்கென்ன விசரோ? வாறது வருசத்துக்குப் பதினைஞ்சு வான்," என்றாராம். அடுத்த மாரிக்குப் பிறகு சங்கத்தின் வேறொரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நட்சத்திரத்தோடு அச்சான புதிய புத்தகம் 1983 ஆவணியில் தபாலில் வந்தது. அதற்கு முந்திய மாதம், ஆடிக் கலவரத்தில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு அந்த வளவுக்கு ஒரு வானும் வரவில்லை. அண்ணை வாசலில் மூன்றாவது நட்சத்திரத்தைக் கீறி, ஒவ்வொரு நாளும் வளவைக் கூட்டி, நான்கு வருடம் காத்திருந்தார். பிறகு நீக்கிலாப்பிள்ளை வளவைப் பூட்டிவிட்டு மகனிடம் கனடாவுக்குப் போனார். அண்ணை தோட்ட வேலைக்குப் போனார். புத்தகம் உறுதிப் பெட்டிக்குள் போனது.

இனி முகாமுக்கு வருகிறேன்.

உடுவிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வாசிகசாலையும் அதன் பின்னால் ஒரு வெறும் வளவும். அதில் நாற்பத்தாறு குடும்பங்கள், தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்களில். எங்கள் குடும்பமும் ஒன்று. வாசிகசாலைக்கு ஒரு கக்கூசு இருந்தது. முதல் மாதமே அது அடைத்துக்கொண்டது, பூட்டிவிட்டோம். பிறகு வளவின் மூலையில் இரண்டு குழி தோண்டிக் கிடுகால் மறைத்தோம். வேறு இடத்தில் தோண்டலாமென்றால் பக்கத்துக் காணிக்காரர் விடவில்லை. ஒரேயொரு கிணறு. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று வந்த அன்றே அண்ணை எண்ணிப் பார்த்தார். பதினொரு காலடி.

"மாரி வரமுன்னம் வேறை வழி பாக்கவேணும்," என்று முகாம் தலைவரிடம் சொன்னார். "மழை பெஞ்சு வெள்ளம் ஏறினால் குழியும் கிணறும் ஒண்டுதான்."

தலைவர் கதிரவேலு மாஸ்டர், இளைப்பாறிய தலைமை ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் மானத்தைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருப்பவர். அவரும் எங்கெங்கோ கடிதம் எழுதினார். புரட்டாதி முடிவில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. முகாம்களைப் பார்த்துத் தரம் பிரிக்க ஓர் அதிகாரி வருவார். தரம் பிரித்த பிறகு, தெரிவாகும் முகாம்களுக்கு மாரிக்கு முன் கக்கூசும் குடிநீர்த் தாங்கியும் கட்டித்தரப்படும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். மாஸ்டர் கடிதத்தை வாசித்து முடித்ததும் எல்லோரும் சீவரத்தினம் அண்ணையைத்தான் பார்த்தார்கள். தரம் பிரிப்பதென்றால் என்ன என்று அறிந்த ஆள் எங்களுக்குள் அவர் ஒருவர்தான். அவரும் அதை உணர்ந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பரீட்சை வருகிறது.

"இது எனக்குத் தெரிஞ்ச அலுவல்," என்றார். "நட்சத்திரம் இருக்கிற இடத்துக்குத்தான் வான் வந்தது. குப்பையாக் கிடக்கிற இடத்திலை ஆரும் கொண்டுவந்து ஒண்டும் கட்டான். நாங்கள் முதல் தரம் எடுக்கவேணும். எடுத்தால் கக்கூசும் வரும், தாங்கியும் வரும்."

செல்வநாயகி அக்கா தூணோடு இருந்து பேத்தியின் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, எனக்கொண்டு விளங்கேல்லை. இல்லையெண்டுதானே கேக்கிறம். எல்லாம் இருக்கிறமாதிரிக் காட்டினால் அவை ஏன் தரப்போகினம்?"

"அக்கா, நாங்கள் என்ன பிச்சைக்காரரே?" என்றார் மாஸ்டர். "வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் ஊத்தைச் சட்டியையே முன்னுக்கு வைப்பம்?"

சபை சிரித்தது. அக்கா மறுபடி பேத்தியின் தலைக்குக் குனிந்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நான்கு நாள் வேலை செய்தோம். அண்ணை ஓய்ந்து இருக்கவில்லை. கொட்டில்களுக்கு இடையில் கயிறு பிடித்து நேராகப் பாதை போட்டார். பாதையின் இரு பக்கமும் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார். உடுப்புக் கொடிகளை அவிழ்ப்பித்தார். ஆரிடமோ கெஞ்சி எட்டுக் குரோட்டன் சாடி வாங்கி வந்தார். கிணற்றுக்குப் புதுக் கயிறு, புது வாளி. வாசிகசாலைக் கக்கூசின் அடைப்பை அவரே கை விட்டு எடுத்து, கழுவி, வெள்ளையடித்து, ஒரு பேணியில் தண்ணீர் வைத்து மறுபடி பூட்டினார். திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி பார்த்துவிட்டுப் போகும்வரை ஒருவரும் போகக்கூடாது.

மூலையில் இருந்த இரண்டு குழிகளுக்கும் முன்னால் புதிதாக ஒரு கிடுகு வேலி எழும்பியது. அதன் முன்னால் குரோட்டன் சாடிகள்.

நான் கேட்டேன். "அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள், பின்பக்கத்தை மறைக்காத இடத்தைத்தான் நம்பலாமெண்டு?"

சுண்ணாம்பு அடித்த தும்புக்கட்டையை அவர் வாளிக்குள் போட்டார்.

"அங்கை எனக்கு அலவாங்கு இருந்தது, தோண்ட இடம் இருந்தது. திருத்தினன். இஞ்சை திருத்த ஏலாது. திருத்த ஏலாததை மறைக்கத்தானே வேணும்?"

வாசலில் ஆங்கிலத்தில் நல்வரவு எழுதித் தொங்கவிட்டவன் நான். எழுத்து வடிவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதிகாரி வரும் நாள் காலையில் சிரங்கு பிடித்த பிள்ளைகளையும் இருமிக்கொண்டிருந்த கிழவர்களையும் இரண்டு வளவு தள்ளி ஒரு மாமரத்தடிக்கு அனுப்பினோம். அண்ணையின் பேத்தி வதனிக்கு இரண்டரை வயது. அவளுக்கும் காலில் சிரங்கு. மீனாம்பிகை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "அப்பா, இவளுமோ?" என்றாள்.

"ஒரு மணித்தியாலம் பிள்ளை. பிறகு கூட்டிக்கொண்டு வா."

வெள்ளை ஜீப் பத்தரைக்கு வந்தது. நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தோம். அதிகாரி உயரமான, களைத்த பெண். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அருட்பிரகாசம் பட்டணத்து ஆள். அன்று ஒன்பது முகாம் பார்க்கவேண்டியிருந்ததாம், எங்களுடையது நான்காவது. அண்ணை கழுவிய வேட்டியோடு முன்னால் போய், தன் பழைய ஆங்கிலத்தில், "வெல்கம் மேடம், திஸ் வே," என்றார். நேர்ப்பாதையில் கூட்டிப்போனார். கிணற்றைக் காட்டினார். கக்கூசு எங்கே என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணை மடியிலிருந்து திறப்பை எடுத்தார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், காய்ந்த தரை, பேணியில் தண்ணீர்.

"இதையா எல்லோரும் பாவிக்கிறார்கள்?"

"ஓம், எல்லாரும்," என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் வேலியைப் பார்த்து, அதற்கு அப்பால் என்ன என்று கேட்டார். "கார்டின்," என்றார் அண்ணை. அந்த நேரம் தூரத்தில் பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. சாரதி ஜீப்பிலிருந்து கூப்பிட்டான். இரவல் கோப்பையில் இரவல் சீனி போட்ட தேநீரை அதிகாரி நின்றபடியே குடித்தார். கடுதாசிகளில் ஏதோ குறித்து, ஒரு பச்சை அட்டையை எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தார்.

"நாங்கள் பாத்த நாலு முகாமிலையும் இதுதான் திறமாம்," என்றார் அருட்பிரகாசம். "மேடம் சந்தோசப்படுறா."

எல்லோரும் கை தட்டினோம். அண்ணை அழுதார். பச்சை அட்டையை வாசிகசாலைச் சுவரில், பத்திரிகை வாசிக்கும் வாங்குக்கு மேலே, ஆணி அடித்து மாட்டினார். அன்று பின்னேரம் புத்தகத்தைக் கொண்டுவந்து, தன் வளவின் பெயர் இருந்த பக்கத்தை விரித்து, அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். "இப்ப பாருங்கோ," என்றார். செல்வநாயகி அக்காகூட அன்று பகிடி பண்ணவில்லை.

மூன்று கிழமை காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு முகாமில் எட்டுக் கக்கூசு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாஸ்டர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். அந்த இடம் சேறும் ஈயுமாகக் கிடந்ததாம். சுவரில் சிவப்பு அட்டை தொங்கியதாம். அங்கிருந்த ஆள் சொன்னான்: "சிவப்புக்கு முதல் கட்டுவினமாம். மஞ்சளுக்குப் பிறகாம். பச்சைக்கு ஒண்டும் தேவையில்லையாம்."

மாஸ்டர் திரும்பி வந்து இதைச் சொன்னபோது அண்ணை வாசிகசாலைப் படியில் இருந்தார். எழும்பி உள்ளே போய், சுவரில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவையின்ரை கணக்கு மற்றப் பக்கமோ?" என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் அன்றே கடிதம் எழுதினார். பச்சை அட்டை முகாம்களை மாரிக்குப் பிறகு மீளப் பார்ப்போம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த கிழமை மழை தொடங்கிவிட்டது.

ஐந்து நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் வளவு முழுக்க முழங்கால் வெள்ளம். கிடுகு வேலி சரிந்து விழுந்தது. குரோட்டன் சாடிகள் மிதந்தன. குழிகளில் இருந்தது எங்கே போனது என்று கேட்கத் தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி அண்ணை கொட்டில் கொட்டிலாகப் போய்க் கத்தினார். விறகு எல்லாம் நனைந்து கிடந்தது. மண்ணெண்ணெய் ஒரு போத்தல்கூட ஒருவரிடமும் இல்லை.

முதலில் ஒரு கிழவருக்கு வயிற்றால் போனது. பிறகு ஏழு பேருக்கு. ஆறாம் நாள் காலையில் வதனிக்குச் சத்தியெடுப்பும் வயிற்றோட்டமும். அண்ணை பிள்ளையைச் சைக்கிளில் முன்னுக்கு வைத்து, மீனாம்பிகையைப் பின்னுக்கு ஏற்றி, வெள்ளத்துக்குள் உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சேலைன் முடிந்திருந்தது. மத்தியானம் திரும்பி வந்தார்கள். பிள்ளையைத் துவாயால் சுற்றியிருந்தது. அடுத்த நாள் அந்தக் கிழவரும் போனார்.

இரண்டு சாவுக்குப் பிறகு ஜீப் தானாகவே வந்தது. வரப்போகிறது என்று முதல் நாள் அறிந்ததும் மாஸ்டர் கூட்டம் வைத்தார். ஒருவர், "இந்த முறை எல்லாத்தையும் ஊத்தையாக் காட்டுவம்," என்றார். அண்ணை எழும்பினார்.

"ஒண்டும் காட்டவேண்டாம்," என்றார். "கிடக்கிறபடி கிடக்கட்டும்."

அந்தப் பெண் அதிகாரி இறங்கியபோது நல்வரவு இல்லை, நிறைகுடம் இல்லை, தேநீர் இல்லை. அண்ணை சேறு பட்ட சாரத்தோடு முன்னால் போனார். "வெல்கம்" சொல்லவில்லை. நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சரிந்து கிடந்த வேலியைக் காலால் தள்ளினார். குழியின் விளிம்பில் நின்று, ஒவ்வொரு காலடியாக வைத்து, ஆங்கிலத்தில் சத்தமாக எண்ணிக்கொண்டு கிணறு வரைக்கும் நடந்தார். வன், டூ, திறீ. பதினொன்றில் அவருடைய கால் கிணற்றுக் கட்டில் முட்டியது.

அந்தப் பெண் குழியையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அருட்பிரகாசத்திடம் மெதுவாகக் கேட்டார். அது எனக்கு விளங்கியது. இவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே, அன்றைக்கு ஏன் இதை மறைத்தார்?

அருட்பிரகாசம் தமிழில் கேட்டார்.

அண்ணையின் ஆங்கிலம் பதினொன்றோடு முடிந்துவிட்டது. தமிழில்தான் சொன்னார். "நட்சத்திரம் குறைஞ்சிடும் எண்டு நினைச்சனான், ஐயா. என்ரை பேத்தியையும் ஒளிச்சு வைச்சனான்."

"என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அருட்பிரகாசம் கடுதாசியைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது பொய் என்று சொல்லுமளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் சொல்லவில்லை.

சிவப்பு அட்டை தந்தார்கள். பத்து நாளில் பக்கத்துக் காணிக்காரரோடும் கதைத்து, வளவுக்கு அப்பால் ஆறு கக்கூசு கட்டினார்கள், ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று. உயரத்தில் குடிநீர்த் தாங்கி வைத்தார்கள். கழிவுத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார்கள். குழியிலிருந்து கிணறு ஐம்பது காலடிக்கு மேல். அந்தச் சங்கத்துப் புத்தகத்தின்படி இப்போது எங்கள் முகாமுக்கு மூன்று நட்சத்திரம் கிடைக்கும்.

மீனாம்பிகை தகப்பனோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். செல்வநாயகி அக்கா உறுதிக் கதையைச் சொல்வதில்லை. சொன்னால் அண்ணைக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அக்கா சொல்லமாட்டார்.

போன கிழமை மாவிட்டபுரம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு புதுக் குடும்பம் தள்ளுவண்டியோடு வந்தது. இதற்கு முன் இரண்டு முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். மனைவி வாசலில் நின்று, "இடம் பறவாயில்லைபோலை," என்றாள். சீவரத்தினம் அண்ணை அவர்களுடைய மூட்டையை இறக்கவிடவில்லை.

"முன்பக்கத்தைப் பாத்து முடிவெடுக்காதை, பிள்ளை," என்றார். "வா, முதல் கக்கூசைக் காட்டிறன்."

அவள் புருசனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கிழவனுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்பது போல. பிறகு இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்கள்.